ஒரு டேங்க் தூரம்

ஸ்குரூ டிரைவரின் முனையை இஞ்சின் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார் பர்யாடி. ஞாயிறு காலை ஆறு மணி. தலைநகரை ஒட்டிய பெகாசியின் அந்தச் சந்துக்குள் கார் நுழையாது. சந்து முனையில், தொழுகைக் கூடத்துச் சுவரை ஒட்டி நிற்கிறது. வாரத்தில் இந்தப் பத்து நிமிடம்தான் அதற்கு உயிர் வரும். கஞ்சி வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவன் வாராவாரம் கேட்பதை அன்றும் கேட்கிறான். "என்ன டாக்டரே, நாடி பேசுதா? இல்ல, சொந்தக்காரங்களுக்குச் சொல்லி அனுப்பிறலாமா?" கண்ணைத் திறக்காமலே பர்யாடி சொல்கிறார்: "உன் கஞ்சிப் பானைக்கு முன்னாடி இது சூடாயிருச்சு. நீ போய் உன் அடுப்பைப் பாரு."

முப்பத்தொரு வயதுக் கார். அரசாங்க அலுவலக மேசைகளுக்கு அடிக்கும் பச்சை. பர்யாடி அதற்கு நான்காவது எஜமான். வாங்கிய அன்று லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் ஓடியது. இன்று பதினான்கு ஓடுகிறது. இந்த ஐந்து கிலோமீட்டரைப் பதினோரு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அவரே தன் கையால் சம்பாதித்தார். வாழ்க்கையில் வேறெதிலும் அவருக்கு இப்படி ஏறுமுகம் இருந்ததில்லை.

சம்பாதித்த விதத்தைக் கேட்டால் நேரம் போவது தெரியாமல் சொல்வார். பழைய முதலாளி யாரோ தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்திருந்தான். வெயில் நாட்டுக்கு அது எதற்கு என்று இங்கே பாதி மெக்கானிக்குகள் செய்கிற வேலை அது. இஞ்சின் சூடே ஏறாமல், குளிர்காய்ச்சல் கண்டவன்போல் பெட்ரோலைக் குடித்துக்கொண்டிருந்தது. பழைய இரும்புக் கடைகளில் மூன்று மாதம் தேடி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியை ஆக்ஸா பிளேடின் தடிமனால் அளப்பார். டயரில் காற்றைக் காலை வெயில் ஏறுமுன் பார்ப்பார். சூடான டயர் பொய் சொல்லும். மாதம் ஒருமுறை பின்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிவிடுவார். மூன்று சுற்றுக்குக் குறைந்து நின்றால் பிரேக் எங்கோ உரசுகிறது என்று பொருள். அன்று பகல் சாப்பாடு பிந்தும். "பிரேக்கை லேசா மிதிச்சுக்கிட்டே ஓட்டுறதும், பெட்ரோலைச் சாக்கடையில ஊத்துறதும் ஒண்ணுதான்" என்பார். வேகமாக ஓட்டுகிறவர்களைப் பற்றி அவருக்கு ஒரே வாக்கியம்தான். "அவசரத்துக்கு விலை, லிட்டருக்கு ரெண்டு கிலோமீட்டர்."

அவர் மனைவி ருஸ்மினியிடம் இதற்கெல்லாம் வேறு கணக்கு உண்டு. "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். வருஷத்துல ஒரு தடவை ஊருக்குப் போறதுக்கு, வருஷம் பூரா இதுக்கு வைத்தியம்."

ருஸ்மினி சொல்வது உண்மை. கார் ஓடுவது நோன்புப் பெருநாளுக்கு மட்டும்தான். மற்ற நாட்களில் பர்யாடி மோட்டார் சைக்கிளில் போவார். ஊருக்குப் போகும்போதுதான் கார் வேண்டும். பெருநாளுக்கு ஊர் திரும்புகிறவனை அந்த ஊர் எதில் வந்து இறங்கினான் என்றுதான் முதலில் பார்க்கும். பலர் வாடகைக் கார் எடுத்துப் போவார்கள். புத்தம் புதுசாக இருக்கும். ஆனால் அடுத்த வருஷம் வேறு கார் வரும், ஊர் சிரிக்கும். பர்யாடி பதினோரு வருஷமாக ஒரே காரில், தலைநகர வட்டாரத்து எண்பலகையோடு இறங்குகிறார். சொந்தக் கார். அந்த ஊர்ச் சிறுவர்களுக்குக்கூட எண் மனப்பாடம்.

பத்தொன்பது வருஷம் ஒரு செருப்புத் தொழிற்சாலையின் கிடங்கில் பெட்டி எண்ணும் வேலை பார்த்தார். போன வருஷம் தொழிற்சாலை இடம் மாறியது. எங்கே என்பதுதான் வயிற்றெரிச்சல். கூலி பாதியாக இருக்கிறதென்று, அவர் பிறந்த மாகாணத்துக்கே போய்விட்டது. எந்தக் கூலி போதாதென்று அவர் ஊரைவிட்டு வந்தாரோ, அந்தக் கூலியைத் தேடி முதலாளி அங்கே போய்விட்டான். நாற்பத்தொன்பது வயதுக்காரரைக் கூட்டிப் போக அவனுக்கு அவசியமில்லை. இப்போது பர்யாடி மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றுகிறார். கைப்பேசிச் செயலிக்காரர்கள் தந்த பச்சைச் சட்டை, பின்னால் ஏறுகிறவருக்கும் ஒரு ஹெல்மெட். காரை வாடகைக்கு ஓட்டலாமே என்று கேட்காதவர் இல்லை. அத்தனை வயதான காரைச் செயலி ஏற்றுக்கொள்ளாது. விற்கலாம் என்றால், பழைய கார் வியாபாரி அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லா வச்சிருக்கீங்க, பாவம்" என்று சொல்லிவிட்டு இரும்பு விலை சொன்னான்.

இதில் எதுவும் ஊருக்குத் தெரியாது.

ஊரில் அவருக்கு இருந்தது ஒரு நம்பிக்கை. அப்பா போன மழைக்காலத்தில் இறந்துவிட்டார். வொனோகிரிக்குத் தெற்கே, வாய்க்காலை ஒட்டி அரை ஏக்கருக்குச் சற்று மேல் நெல்வயல். வாரிசுகள் மூன்று பேர்: அண்ணன் துகிமான், பர்யாடி, தங்கை பூர்வாந்தி. மூன்றாகப் பிரித்தால் வருவது கைக்குட்டை அகலம்தான் என்று ருஸ்மினியே சிரிப்பார். ஆனாலும் அதில் ஒரு போகம் நெல், ஒரு போகம் மிளகாய், வாய்க்கால் ஓரமாக இருபது வாத்து என்று இருவரும் நோன்பு மாதம் முழுக்கப் பேசிப் பேசித் திட்டம் போட்டிருந்தார்கள். பெகாசியில் வாடகை ஏறிக்கொண்டே போகிறது. மகள் ராத்ரி பள்ளி முடித்ததும் ஊரோடு போய்விடுவது என்று முடிவு. அந்தத் துண்டு நிலம் இல்லையென்றால், முடிவும் இல்லை, ஊரும் இல்லை. பாகம் பிரிக்கும் பேச்சை எல்லாரும் ஊரில் கூடுகிற பெருநாளில்தான் பேச முடியும். "இந்தத் தடவை வெட்கப்படாம எல்லாத்தையும் சொல்லிருங்க" என்றார் ருஸ்மினி. சொல்லிவிடுவதாகப் பர்யாடி தலையாட்டினார்.

ஐந்நூற்று எண்பது கிலோமீட்டர். ஒரு டேங்க். நடுவழியில் பெட்ரோல் போட்டால் அது அவருக்குத் தோல்வி. ஆளுக்கு ஒரு பைதான், அதையும் தூக்கிப் பார்த்துத்தான் ஏற்றுவார். கூரையில் மூட்டை கட்ட விடமாட்டார்; காற்று பிடித்து இழுக்கும். சுங்கச் சாலையைத் தவிர்த்து வடகடற்கரைப் பழைய சாலை. எழுபதுக்கு மேல் முள் போகாது. பெரிய லாரி கிடைத்தால் அதன் நிழலில் அளவான தூரம் விட்டு ஒண்டிக்கொள்வார்; எதிர்காற்றை லாரி வாங்கிக்கொள்ளும். ஏசி கிடையாது. அது மட்டும் லிட்டருக்கு ஒன்றரை கிலோமீட்டர் தின்னும். நோன்பு வேறு; ஒரு வாய் தண்ணீர் இல்லாமல், நாலு ஜன்னலும் திறந்து, வழியிலுள்ள சிரெபோன் ஊர் வெயிலும் லாரிப் புகையும் முகத்தில் அறைய, பின்சீட்டில் ராத்ரி ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். வழியில் நெரிசல். வண்டிகள் நின்றால் இஞ்சினை அணைப்பார், அடுத்தவன் நகர்ந்தால் எழுப்புவார். பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தே ஓய்ந்தார்கள்.

ஊருக்கு நாலு கிலோமீட்டர் முன்னால் கடைசிப் பெட்ரோல் பங்க். பெட்ரோல் போட அல்ல. அங்கே தண்ணீர்க் குழாய் உண்டு. பதினோரு வருஷமாக அவர்கள் குடும்பம் அங்கேதான் உருமாறுகிறது. பர்யாடி காரை இரண்டு வாளித் தண்ணீரில் கழுவித் துடைத்தார். கழிவறையில் போய் முகம் கழுவி, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டார். ருஸ்மினி பவுடர் பூசிக்கொண்டார். பிறகு எல்லாரும் ஏறி, நாலு கண்ணாடியையும் ஏற்றி, ஏசியைப் போட்டார்கள். குளிர்ந்த காற்று முகத்தில் பட்டதும் ராத்ரி சொன்னாள்: "சரி, அடுத்த நாலு கிலோமீட்டருக்கு நாம பணக்காரங்க." ருஸ்மினி சிரித்தார். பர்யாடி சிரிக்கவில்லை, பெட்ரோல் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முள் அடியைத் தொடவில்லை. ஜெயித்துவிட்டார்.

வாசலில் இறங்கும்போது கதவைத் திறந்ததும் உள்ளிருந்து குளிர் வெளியே வந்தது. அண்ணன் மனைவி அதைக் கையை நீட்டித் தொட்டுப் பார்த்தார். "அப்பாடி, இதுல வந்தா அலுப்பே தெரியாதே."

பெருநாள் காலையில் தம்பியும் தங்கையும் முறைப்படி அண்ணன் முன் மண்டியிட்டு, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்டார்கள். துகிமான் கண் கலங்கி இருவர் தலையிலும் கை வைத்தார். கெட்டவர் இல்லை. படுக்கையில் கிடந்த அப்பாவுக்கு மூன்று வருஷம் மலம் வாரியவர் அவர்தான். அன்று பகலெல்லாம் பர்யாடி சொந்தக்காரர்களைக் காரில் வீடு வீடாகக் கொண்டுபோய் விட்டார். கேட்டவர்களுக்கு மறுக்கவில்லை. ஏசியையும் அணைக்கவில்லை, உள்ளே ஆள் இருக்கும்போது எப்படி அணைப்பது? திரும்பிப் போகும் பெட்ரோல் அந்தக் குளிரில் கரைந்துகொண்டிருந்தது.

மறுநாள் பிற்பகல் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். தேநீர், வறுத்த மரவள்ளி. அந்தப் பக்கத்தில் எதையும் நேராகக் கேட்கமாட்டார்கள். கேட்காமல் விட்ட இடத்தைத்தான் கேள்வியாக எடுத்துக்கொள்ள வேண்டும். துகிமான் வெகுநேரம் மழையைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் பேசிவிட்டு அங்கே வந்து சேர்ந்தார்.

"அப்பாவைப் பார்த்துக்கிட்டது நான். அதைச் சொல்லிக்காட்டல. பூர்வாந்தி வீட்டுக்காரன் மரம் விழுந்து இடுப்பு ஒடிஞ்சு கிடக்கான், உனக்கே தெரியும். நீ ஆண்டவன் புண்ணியத்துல நல்லா இருக்கே. மூணாப் பிரிச்சா யாருக்கும் ஒண்ணும் இல்ல. நான் எதுவும் கேட்கல தம்பி. உன் மனசுல என்ன படுதோ சொல்லு."

பூர்வாந்தி தலை குனிந்தபடி, உதவிக்கு வந்தவர்போல் சொன்னார்: "சின்னண்ணன் மனசு எனக்குத் தெரியும். நேத்து கார்ல கூட்டிட்டுப் போச்சு. என் பையன் அந்தக் குளுருல தூங்கியே போயிட்டான். வீட்டுக்கு வந்து, மாமா காரு மாதிரி இங்கயும் காத்து வைம்மான்னு ஒரே அழுகை."

ருஸ்மினி அடுக்களை வாசலில் தட்டோடு நின்றார். பர்யாடி அவரைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அண்ணே, எங்க ஃபேக்டரி இப்ப பெகாசியில இல்ல. இந்தப் பக்கமே வந்துருச்சு."

துகிமானின் முகம் மலர்ந்தது. "அப்படிப் போடு. அப்ப நீயும் மேனேஜரா இங்கயே வந்துரு. தினம் கார்லயே போயிட்டு கார்லயே வா. ஊருக்கே பெருமை."

பாயில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கிற கூட்டத்தில் சிரிக்காமல் இருந்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். பர்யாடியும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு, சொல்ல வந்தது உள்ளே இறங்கிவிட்டது. திறந்த கதவு வழியே கார் தெரிந்தது. அதன் பளபளப்பில் இரண்டு பையன்கள் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டிருந்தார்கள்.

"மனசார விட்டுக்கொடுத்துட்டேன் அண்ணே" என்றார் பர்யாடி.

அந்த ஊரில் அந்தச் சொல்லைச் சாட்சி வைத்துச் சொன்ன பிறகு திரும்ப எடுக்க முடியாது. எடுத்தால் ஆண்டவனுக்குக் கொடுத்ததைப் பிடுங்கியதுபோல். துகிமான் எழுந்துவந்து தம்பியைக் கட்டிப்பிடித்தார். பூர்வாந்தி அழுதார். அண்ணன் மனைவி, பட்டணத்தில் இருந்தும் மனசு மாறாத பிள்ளை என்று அண்டை வீட்டாருக்குக் கேட்கும்படியே சொன்னார். ருஸ்மினி தட்டைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

கிணற்றடியில் கணவனும் மனைவியும் பேசியது குறைவு. சொல்லியிருக்கலாமே என்று ருஸ்மினி கேட்டார். எப்படிச் சொல்வது, வெளியில் அது நிற்கிறதே என்றார் பர்யாடி.

"நின்னா? சாவியைத் தூக்கி நடுப்பாயில வச்சு, இதான் என் சொத்து, வித்துப் பாருங்கன்னு சொல்லியிருக்கணும். நாலு ஆட்டு விலைகூட வராதுன்னு அப்பத் தெரிஞ்சிருக்கும். வேலை போன நாள்ல இருந்து நீங்க யாரை ஏத்திக்கிட்டுத் திரியுறீங்கன்னும் தெரிஞ்சிருக்கும்."

பர்யாடி கிணற்றுக்குள் வாளியை விட்டார். கார்பரேட்டர் இந்தப் பயணத்தில் ஒருமுறைகூட அடைக்கவில்லை என்று சொன்னார். ருஸ்மினி அவர் முகத்தையே பார்த்தார். பிறகு நிரம்பிய குடத்தைத் தானே இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தார்.

நான்காம் நாள் விடிந்ததும் கிளம்பினார்கள். பைகள் ஏறின. அண்ணன் வீட்டு அரிசி ஒரு மூட்டை ஏறியது. எடை கூடும் என்று பர்யாடி இந்தத் தடவை வாய் திறக்கவில்லை. ராத்ரி பின்சீட்டில், ருஸ்மினி முன்சீட்டில் நேரே பார்த்துக்கொண்டு. அப்போது ஊர் எழுத்தர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அலுவலகம் பெருநாள் வாரத்துக்கு மூடிக் கிடந்தது. ஆனால் தம்பி இனி அடுத்த வருஷம்தான் வருவார் என்பதால் துகிமான் எழுத்தரின் வீட்டுக்கே போய்ச் சொல்லிவைத்திருந்தார். எழுத்தர் சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையை உருவி, தாளை எடுத்தார். பங்கு வேண்டாம், மனப்பூர்வமாக, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல். கீழே ஸ்டாம்பு ஒட்டியிருந்தது.

வீட்டுக்குள் பாய் முழுக்க எச்சில் தட்டுகள். மேசை கிடையாது. துகிமான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தாளைக் காரின் பானெட் மேல் விரித்து, பறக்காமல் இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தார்.

"ஸ்டாம்பு மேல பாதி, வெளியில பாதி விழணும்" என்றார் எழுத்தர். "பேனா கொஞ்சம் மக்கர் பண்ணும். நல்லா அழுத்திப் போடுங்க."

பர்யாடி பேனாவை வாங்கிக் குனிந்தார். தாளைத் தொடப்போன முனை நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் ருஸ்மினி பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் விரலை எடுக்கச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, பர்யாடி தாளை மெல்லத் தூக்கினார். பையிலிருந்து கைக்குட்டையை உருவி, நாலாக மடித்து, பேனா முனை பெயின்டில் கீறல் போடாதபடி பானெட்டில் விரித்தார். சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டார். தாளை அதன் மேல் வைத்து, அழுத்திக் கையெழுத்துப் போட்டார்.